பி.எட். மிஸ் வந்திருக்காங்க

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, பாடம் கணிதம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். அடுத்த மாதம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 16 வாரப் பயிற்சிக்குப் போகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர் ஒருநாள், “உனக்குக் கணக்கு நல்லா வருது, நீ டீச்சராகலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நானும் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் உந்துதலாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பயிற்சி ஆசிரியர்களை மதிப்பதே இல்லை என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். 16 வாரத்தில் ஏதாவது செய்ய முடியுமா? எப்படித் தயாராவது?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

“இன்னும் டீச்சர் ஆகவில்லையே” என்று கூச்சப்பட வேண்டாம். அடுத்த மாதம் கல்லூரி யூனிஃபார்ம் சேலையோடு நீங்கள் பள்ளிக் கேட்டுக்குள் நுழையும்போதே ஒரு கூட்டம் ஓடிப்போய், “பி.எட். மிஸ் வந்திருக்காங்க” என்று வகுப்பில் சொல்லிவிடும். அந்தச் சேலை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் யாராவது வருகிறார்கள், கலர் கலராகச் சார்ட் ஒட்டுகிறார்கள், கடைசி நாள் சாக்லேட் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்களும் போகப் போகிறவர் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மதிப்பதில்லை என்று சீனியர்கள் சொல்வதில் பாதி இதுதான். மீதி பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

நான் 31 வருஷம் கணக்கு எடுத்தவள். அதில் கடைசி இருபது வருஷம், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்தேன். உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருஷம், பயிற்சி 40 நாள். பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்பதற்குள் திரும்ப வேண்டியதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் படிப்பு இரண்டு வருஷமானது, பள்ளிப் பயிற்சியும் முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16 என்று மொத்தம் 20 வாரமானது. பல கல்லூரிகளில் இதை ரெக்கார்டு எழுதக் கிடைத்த காலமாகத்தான் பார்க்கிறார்கள். அது போகட்டும். 16 வாரம் என்பது ஒரு வகுப்புக்கு ஒரு பாடப்பகுதியை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே எடுத்து, தேர்வு வைத்து, எங்கே சறுக்கியது என்று திரும்பிப் பார்க்கவும் போதுமான காலம்.

சரி, உந்துதல் விஷயம்.

உங்கள் பாடக்குறிப்பில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும். ‘ஊக்கமூட்டல்’ என்று போட்டு, பக்கத்தில் 5 நிமிடம். நீங்கள் எல்லோரும் மோட்டிவேஷன் என்பீர்கள். “மாணவர்களே, கடைக்குப் போயிருக்கிறீர்களா? தக்காளி கிலோ என்ன விலை?” என்று நாலு கேள்வி கேட்டு, “ஆகவே இன்று நாம் விகிதம் பற்றிப் படிக்கப் போகிறோம்” என்று பலகையில் தலைப்பு எழுதினால் ஊக்கமூட்டியாகிவிட்டது. இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஊக்கத்தை வெளியிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஊற்றிவிடலாம் என்ற நினைப்பு அந்தக் கட்டத்திலிருந்துதான் நமக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அது வளர்ந்து, அப்துல் கலாம் கதை, “கனவு காணுங்கள்” என்று வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சொற்பொழிவாகிறது. பிள்ளைகள் நன்றாகக் கை தட்டுவார்கள். அடுத்த நாளும் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்றுதான் எழுதுவார்கள். அரையோடு எதையோ கூட்டியிருக்கிறோம், வந்த விடை அரையைவிடக் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளைக்கு உறுத்த வேண்டும். அப்படி உறுத்த வைப்பதுதான் நம் வேலை.

உங்கள் எட்டாம் வகுப்பு டீச்சரை இப்போது போய்ப் பார்த்து, “நீங்க அன்னிக்கு இப்படிச் சொன்னீங்களே” என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக அவருக்கு ஞாபகம் இருக்காது. நான்கு வருஷம் முன்பு ஒரு வெளியூர் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை. “டீச்சர், என் நோட்டுல நீங்க ஒண்ணு எழுதுனீங்க” என்றார். 98-ஐ 7-ஆல் பெருக்கச் சொன்னபோது அவர் 700-லிருந்து 14-ஐக் கழித்திருக்கிறார். நான் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் ‘இந்த வழி எனக்குத் தோன்றவில்லை’ என்று எழுதினேனாம். எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. அவர் முகமும் ஞாபகமில்லை. அந்த வருஷம் நான் மெனக்கெட்டுத் தயார் செய்த ஆண்டு விழாப் பேச்சு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை அவரிடம் கேட்டேன். “என்ன பேச்சு டீச்சர்?” என்றார்.

ஆகவே எந்த வார்த்தை எந்தப் பிள்ளைக்கு ஒட்டும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் டீச்சர் ‘உனக்கு’ என்றார். வகுப்பைப் பார்த்து ‘உங்களுக்கு’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். அவர் உங்கள் நோட்டைப் பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால் மொத்தத் தயாரிப்பும் இதற்குத்தான்: பிள்ளையின் நோட்டைப் பார்ப்பது, அதிலும் தப்புப் போட்ட இடத்தைப் பார்ப்பது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், உங்கள் வயதுதான். எட்டாம் வகுப்பு, முழுக்களின் கணக்கு. ஒரு பையன் −3 − 5 = 8 என்று எழுதியிருந்தான். இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் −8 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம். நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பெண் பையனைக் கூப்பிட்டு, “எப்படிப்பா எட்டு வந்துச்சு?” என்றாள். மிரட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவன், “மைனஸ் மைனஸ் ப்ளஸ் மிஸ்” என்றான்.

பாருங்கள், அவன் சும்மா எழுதவில்லை. ஏழாம் வகுப்பில் யாரோ பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்த விதி அது. பெருக்கலுக்கான விதியை அவன் இரண்டு மைனஸைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறான். சிவப்பு மையில் −8 என்று எழுதினால் அவனுக்கு என்ன தெரியும்? விதிப்படிதானே செய்தோம், அதுவும் தப்பா என்று கணக்கின் மேலேயே நம்பிக்கை போகும்.

அவள் கேட்டாள்: “கடையில உனக்கு மூணு ரூபா பாக்கி. இன்னிக்கு இன்னும் அஞ்சு ரூபாய்க்குக் கடன் வாங்குற. இப்ப எவ்வளவு?”

“எட்டு ரூபா பாக்கி.”

“நீ தரணுமா, கடைக்காரர் உனக்குத் தரணுமா?”

பையன் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். “நான்தான் மிஸ் தரணும்.” தானே ரப்பரை எடுத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கும் நல்ல பெயர். ஆனால் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அப்ப மைனஸ் மூணையும் மைனஸ் அஞ்சையும் பெருக்குனா ப்ளஸ் பதினஞ்சு வருதே, கடனையும் கடனையும் எப்படி மிஸ் பெருக்குறது?” என்றாள். வகுப்பே கப்சிப். பயிற்சிப் பெண்ணுக்கு வேர்த்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே குனிந்து எதையோ எழுதினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “எனக்கு இப்பச் சொல்லத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் வந்ததும் வராததுமாகப் பலகையில் வரிசையாக எழுதினாள். 3 × −5 = −15. 2 × −5 = −10. 1 × −5 = −5. 0 × −5 = 0. அடுத்த வரியில் −1 × −5 என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். ஒவ்வொரு வரிக்கும் விடை ஐந்து ஐந்தாக ஏறுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் “அஞ்சு” என்றது கேள்வி கேட்ட அதே பெண். அன்றைக்கு நான் குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

அந்த வகுப்பில் ஒரு பையனும் அதற்கப்புறம் அவளை ‘பி.எட். மிஸ்’ என்று சொல்லவில்லை, கணக்கு மிஸ் ஆகிவிட்டாள். தெரியாது என்று சொன்னதற்காக அல்ல. நாளைக்கு என்று சொல்லிவிட்டு நாளைக்கே சொன்னதற்காக. பெரியவர்கள் ‘நாளைக்கு’ என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம் உண்டு. உங்கள் சீனியர்கள் சொன்னதில் மீதி பாதி இங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உங்களைச் சோதிப்பார்கள், உண்மைதான். “மிஸ், எத்தனை நாள் இருப்பீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. மழுப்பாமல் சொல்லுங்கள். “16 வாரம். அதுக்குள்ள இயற்கணிதம் முடிக்கணும்.”

இனி, இந்த ஒரு மாதத்தில் என்ன செய்யலாம். நீங்கள் எடுக்கப்போகும் பாடங்களின் எல்லாப் பயிற்சிக் கணக்குகளையும் ஒரு நோட்டில் போடுங்கள். போடும்போது ஒவ்வொன்றிலும் பிள்ளை எங்கே தப்புவான் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். (a + b)² என்றால் a² + b² என்று எழுதுவான். 0.45 பெரியதா 0.5 பெரியதா என்றால் 45 பெரியது என்பான். இப்படி ஐம்பது தப்பை முன்கூட்டியே யோசித்து வைத்தவர், தெர்மாகோல் மாடலோடு வருகிறவரைவிட நன்றாகத் தயாரானவர். மாடல் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் கேட்பார். ஆனால் செய்து தருகிற கடையில் கொடுத்து வாங்காதீர்கள். ஒரு சதுரத்தை வெட்டி (a + b)²-இன் நான்கு துண்டையும் பிள்ளைகளையே காகிதத்தில் செய்யச் சொன்னால் செலவு இரண்டு ரூபாய்.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். தோழிகள் பிள்ளைகளாக உட்கார்ந்து, நீங்கள் கேட்டதுமே சரியான விடையைச் சொல்லி உங்களைக் காப்பாற்றியிருப்பார்கள். நிஜ வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் மௌனம்தான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று வினாடியும் அதற்கு மேலும் காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடிதானே என்று தோன்றும். நாற்பது முகங்களுக்கு முன்னால் நின்று மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், மாரியம்மன் கோயில் தீமிதி மாதிரி இருக்கும்.

அதேபோல “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “புரிஞ்சுது மிஸ்” என்று கோரஸாக வரும், அதற்கு அர்த்தம் ‘அடுத்ததுக்குப் போங்க’. ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நோட்டுகளை எட்டிப் பாருங்கள்.

நடப்பது என்றதும் என் முதல் நாள் ஞாபகம் வருகிறது. வட்டத் தேற்றம். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து, பலகையை நோக்கித் திரும்பியவள் இருபது நிமிடம் திரும்பவே இல்லை. படம் அழகாக வந்தது. திரும்பிப் பார்த்தபோது கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான், இன்னொருவன் அவன் காதில் காகிதம் விட்டுக்கொண்டிருந்தான். என் வழிகாட்டி ஆசிரியர் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதியிருந்தார்: “முதுகு நன்றாகப் பாடம் நடத்தியது.” மூன்று நாள் அழுதேன். ஆனால் அதற்கப்புறம் 31 வருஷத்தில் இரண்டு வரிக்கு மேல் திரும்பாமல் எழுதியதில்லை.

வழிகாட்டி ஆசிரியர் எப்படி வாய்ப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. சிலர் வகுப்பை உங்களிடம் விட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமில் எமிஸ் வேலை (மாணவர் விவரங்களை ஆன்லைனில் பதியும் வேலை) பார்ப்பார்கள், அவர்களுக்கும் வேறு வழியில்லை. சிலர் நடுவில் எழுந்து திருத்துவார்கள். உங்களை சப்ஸ்டிட்யூட்டாக எல்லா வகுப்புக்கும் அனுப்புவார்கள், அதையும் கோபப்படாமல் போய் எடுங்கள், ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தால்தான் ஒன்பதாம் வகுப்புப் பையன் எந்த இடத்தில் அறுந்துபோனான் என்று தெரியும். முதல் வாரம் அவர் பாடம் நடத்துவதைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியரைவிட அதிகமாகப் பிள்ளைகளைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் போட்டுக்கொண்டு, இரண்டாம் வாரத்துக்குள் எல்லாப் பெயரும் வாயில் வர வேண்டும். “ஏய் பச்சை ரிப்பன்” என்று கூப்பிட்டுவிட்டு உந்துதல் பற்றிப் பேசக் கூடாது.

சத்தம் போட்டால் குச்சியைக் கொடுப்பார்கள் சிலர், “இது இல்லாம முடியாதும்மா” என்று அக்கறையாகவே. வாங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், “எப்படிப்பா எட்டு வந்துச்சு?” என்று குச்சி வைத்திருக்கும் கையோடு கேட்டால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்?

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் கனமான விஷயம். உங்களுக்குத் தனியாள் ஆய்வு என்று ஒரு ரெக்கார்டு இருக்கும். ‘பிரச்சினைக்குரிய மாணவர்’ ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் வீட்டு நிலைமையெல்லாம் விசாரித்து எழுத வேண்டும். பிள்ளைகள் இளம் டீச்சரிடம் மனதைத் திறந்துவிடுவார்கள். அப்பா குடிப்பது, அம்மா ஊரில் இல்லாதது எல்லாம் வரும். அந்தப் பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் ரெக்கார்டில் எழுதாதீர்கள், ஹாஸ்டலில் தோழிகளிடம் கதையாகவும் சொல்லாதீர்கள். யாராவது தவறாக நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் உங்கள் போன் நம்பரும் இன்ஸ்டாகிராமும் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். முகம் வாடும், பரவாயில்லை.

கடைசி வாரம் சாக்லேட் கொடுங்கள், போட்டோ எடுங்கள், அழுகையும் வரும். அதோடு ஒரு தாளும் கொடுத்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளுக்கு அல்ல, வழிகாட்டி ஆசிரியருக்கு. யார் பின்னத்தில் நிற்கிறான், யாருக்குக் குறி மாறுகிறது, யார் வாய் திறக்காவிட்டாலும் நோட்டில் சரியாகப் போடுகிறாள் என்று பெயர் போட்டு ஒரு பக்கம். இருபது வருஷத்தில் எனக்கு அப்படித் தாள் கொடுத்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு தாளையும் வருஷக் கடைசி வரை மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். “நன்றாகப் போகிறது” என்று எழுத வேண்டாம். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் என்ன தப்புப் போட்டது, ஏன் அப்படிப் போட்டேன் என்று உங்களிடம் என்ன சொன்னது, அதை எழுதுங்கள்.